அசனத்தின் முதல் கட்டை

இந்த வருஷம் அசனத்துக்கு கேஸ் அடுப்பு என்று சபைக் கமிட்டி முடிவெடுத்திருந்தது. அப்பாத்துரையிடம் யாரும் மூச்சுவிடவில்லை. சாணை பிடித்த கோடரியோடு கோயில் வளாகத்துக்குள் நுழைந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

ஊர் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்துக்கு முதல் கட்டையைப் பிளப்பது அவர் குடும்பம். தாத்தா பிளந்தார், அப்பா பிளந்தார். அந்தக் கட்டை அடுப்பில் விழுந்த பிறகுதான் போதகர் ஜெபம் செய்வார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாலே?"

செயலாளர் ஜாஸ்பர் சிரித்தான். "மாமா, விறகு பொளக்குததுல்லாம் ஒரு மரியாதையா? உலகம் எங்கன போயிட்டு, இங்கன பாருங்க."

கைபேசியை நீட்டினான். நார்வேயில் வேலை பார்க்கும் அவன் மகள் ஃபெபி, காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் நின்றபடி வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பேரு ஸ்கீ. எம்மவ பனியில சறுக்கிட்டுப் போறா. நீங்க இன்னும் கட்டையைப் பிடிச்சு அழுவுதிய."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பாத்துரைக்குக் காதுமடல் சுட்டது.

"அப்பா, சிரிக்காதீங்க," என்றாள் ஃபெபி. "ஸ்கீன்னா அந்தக் காலத்துல பொளந்த கட்டைன்னுதான் அர்த்தம். இங்க உள்ளவங்ககிட்டயிருந்துதான் இங்கிலீஷ்காரன் அந்த வார்த்தையை எடுத்துக்கிட்டான். பொளந்த விறகுக்கு இன்னைக்கும் இங்க அந்தப் பேரு உண்டு."

ஜாஸ்பரின் முகம் மலர்ந்துவிட்டது. "வெளிநாட்டுக்காரனே சொல்லுதானா! அப்போ முதல் கட்டையை நீங்களே பொளந்துருங்க மாமா. போதகரை மைக்குல இதைச் சொல்லச் சொல்லுதேன். நம்ம சபைக்கும் பெருமைல்லா!"

அதுவரை அடக்கியிருந்த கோபம் அப்போதுதான் பொங்கியது.

"ஏலே, எங்கப்பா கை காய்ச்சுப்போயிப் பொளந்தப்போ இல்லாத பெருமை, நார்வேக்காரன் சொன்ன பொறவு வந்துட்டோ? எங்க கோடரிக்கு அவன் வந்து சாட்சி சொல்லணுமோ? மைக்குல ஒரு வார்த்தை வந்துது, கட்டையோட உன்னையும் சேத்துப் பொளந்துருவேன்!"

ஜாஸ்பர் ஓரடி பின்னால் போனான்.

"தாத்தா, நீங்க வெட்டுததை நானும் பாக்கட்டுமா?" என்றாள் ஃபெபி.

"நீ நல்ல பிள்ளை. ஆனா இது வேடிக்கை இல்ல. போனை வை."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோடரியை ஓங்கினார். புளியங்கட்டை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்தது. அவர் நிமிர்ந்து ஜாஸ்பரைப் பார்த்தபடியே நின்றார். கமிட்டி ஆட்கள் முதல் அடுப்பிலிருந்து கேஸ் குழாயைப் பைய உருவினார்கள்.