கவரின் மேல் இருந்த தேதி

குடிவரவு அலுவலகத்திலிருந்து நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்த அன்று, திருமூர்த்தி சமையலறையில் நின்றபடியே அதை இரண்டு முறை படித்தான்.

"சான் அன்டோனியோல வெச்சிருக்காங்க மதி. ஆகஸ்ட் பத்தொம்பது, காலைல பத்தரைக்கு. ரெண்டு பேரும் வரணுமாம்."

இரண்டு வருஷத்துக்கு மேல் எதிர்பார்த்த கடிதம். அவன் குரலில் அந்தச் சந்தோஷம் இருந்தது. வான்மதி அடுப்பைத் தணித்துவிட்டு, "லீவ் போட்டுடறேன்" என்றாள். கடிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

ரவுண்ட் ராக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினான்கு வருஷமாக இருக்கிறவள் வான்மதி. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, வீடும் வாங்கி, இனிமேல் கல்யாணம் எதற்கு என்று வீட்டாரே பேச்சை விட்டுவிட்ட முப்பத்தேழாவது வயதில் திருமூர்த்தியைக் கட்டிக்கொண்டாள். உடுமலைப்பேட்டையில் ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசராக இருந்தவன், இங்கே வந்து ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அதைப் பற்றி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

கல்யாணத்தின் பேரில் வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது இரண்டு வருஷக் கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய தொண்ணூறு நாளுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, எங்கள் கல்யாணம் உண்மையானதுதான், நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்று விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரசீது வரும். கார்டு காலாவதியானாலும் அந்த ரசீதைக் காட்டி ஊருக்குப் போய்த் திரும்பலாம்.

அந்த விண்ணப்பத்தை இரண்டு வருஷத்துக்கு முன், ஏப்ரல் மாதமே இருவரும் சேர்ந்து முடித்தார்கள். கல்யாணப் புகைப்படங்கள், வங்கிக் கணக்கு, வீட்டு இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் நகல் எடுத்துப் பெரிய கவரில் போட்டார்கள். "ஆஃபீஸ் போற வழில நானே போஸ்ட் பண்ணிடறேன்" என்று வான்மதி எடுத்துக்கொண்டு போனாள். அன்று தபால் ஆபீஸில் கூட்டம். மறுநாள் போடலாம் என்று திரும்பினாள். அந்த மாலைதான் அவன் பின்கட்டில் நின்று தங்கை கண்மணியிடம் ஃபோனில் பேசியது அவள் காதில் விழுந்தது.

"கார்டு கைக்கு வரட்டும் கண்ணு. அப்புறம் ஒரு நாள் இங்க நிக்க மாட்டேன், பாரு."

வான்மதி அப்படியே நின்றுவிட்டாள். கிளம்பிப் போகத்தான் இத்தனை நாளும் இவ்வளவு சாதுவாக இருந்தானா? நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். சாப்பிடும்போது அவன், "போஸ்ட் பண்ணிட்டியா?" என்று கேட்டான். "ம், பண்ணிட்டேன்" என்றாள்.

கவர் அவள் ஆஃபீஸ் மேஜையின் அடி இழுப்பறைக்குப் போனது. ஒரு வாரம் பார்ப்போம் என்று நினைத்தாள். அது இரண்டு வாரமாகி, மே மாதமும் முடிந்தது. "இன்னும் ரசீது வரலையே" என்று அவன் கேட்கிறபோதெல்லாம், "இப்ப எல்லாம் ரொம்ப டிலே ஆகுதாம்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அவனோ எப்போதும் போலத்தான் இருந்தான். சனிக்கிழமை அவள் காருக்கு ஆயில் பார்த்தான். அவளுக்குத் தலைவலி என்றால் ரசம் வைத்தான். கார்டு முடிய இரண்டே நாள் இருந்தபோது, ஜூன் பன்னிரண்டாம் தேதி, அவளுக்கே தன்னைப் பார்க்க வெட்கமாகிப் போய் கவரைப் போஸ்ட் செய்தாள். ஏதோ தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

எட்டாம் நாள் அவன் அப்பா இறந்துபோனார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் வைத்திருந்தார்கள், அதற்குள் நெஞ்சுவலி.

திருமூர்த்தி குடிவரவு அலுவலகத்துக்கு ஃபோன் போட்டான். ஒரு மணி நாற்பது நிமிஷம் ஹோல்டில் இசை ஓடியது. அவன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு பெண் வந்து ரசீது எண் கேட்டாள்.

"இன்னும் வரலை மேடம். ஏப்ரல்லயே அனுப்பிட்டோம்" என்று இங்கிலீஷில் கெஞ்சினான். "என் அப்பா இறந்துட்டார்."

அவள் வருத்தம் தெரிவித்தாள். எண் இல்லாமல், திரும்பி வர உதவும் முத்திரையைப் பாஸ்போர்ட்டில் வைக்கும் அப்பாயிண்ட்மெண்ட் தர வழியில்லை என்றாள். வக்கீலைக் கேட்டதற்கு, போய்விடலாம், திரும்பி வர முடியுமா என்பதுதான் கேள்வி என்றார். திருமூர்த்தி பெட்டியின் மேலேயே உட்கார்ந்தான்.

"என்னடா இது மதி, ரெண்டு மாசமா ஒரு காகிதம் போய்ச் சேராதா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வான்மதி அவன் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கையை எடுத்து அவன் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

கொள்ளி வைத்தது சித்தப்பா மகன் சபரி. திருமூர்த்தி அதை ஃபோனில் பார்த்தான். எல்லாம் முடிந்த பிறகு கண்மணி லைனில் வந்து அழுதாள்.

"கார்டு வந்த மறுநாளே ஃப்ளைட் ஏறிருவேன்னியே அண்ணா. ஆபரேஷனுக்கு நீ பக்கத்துல இருப்பேன்னு அப்பாகிட்டச் சொல்லி வெச்சிருந்தனே. இப்ப கார்டு பெருசாப் போயிருச்சா உனக்கு?"

தங்கைக்குப் புரிவதற்காக ரசீதைத்தான் அவன் கார்டு என்றிருக்கிறான்; ஒரு நாள் இங்கே நிற்க மாட்டேன் என்றதற்கு, ஆபரேஷனுக்கு ஓடி வருவேன் என்பதுதான் அர்த்தம். வான்மதி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரசீது ஜூலை முதல் வாரம் வந்தது. கார்டு நாலு வருஷம் நீட்டிக்கப்பட்டிருந்தது. "இனி வந்து என்ன பண்ணப் போற, அங்கயே இரு" என்று கண்மணி சொல்லிவிட்டாள். அதோடு பேச்சை நிறுத்தினாள். அம்மா அவள் வீட்டில்தான் இருந்தார். கண்மணி பள்ளிக்கூட வேலைக்குப் போன பிறகு, அம்மா மெல்லிய குரலில் மகனோடு பேசுவார். அதற்காக அவன் இங்கே ஷிஃப்ட் இடைவேளையை மாற்றிக்கொண்டான்.

கைரேகைக்குக் கூப்பிட்டார்கள், போய்வந்தார்கள். பிறகு ஒன்றரை வருஷத்துக்கு மேல் சத்தமே இல்லை. அவன் வாரம் ஒரு முறை இணையதளத்தில் ரசீது எண்ணைப் போட்டுப் பார்ப்பான். வான்மதி தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். பத்து வருஷக் கார்டு அவன் கைக்கு வந்துவிடட்டும், அன்றைக்கே சொல்லிவிடலாம். அப்போது அவனுக்குத் தன் தயவு தேவையில்லை. போக நினைத்தால் போகலாம். அவனுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று அதற்கு நியாயம் கற்பித்தாள். தனக்காகவும்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் பத்தொன்பது. ஏழு மணிக்கே கிளம்பி ஃப்ரீவேயில் போனார்கள். அவன் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தான்.

"கார்டு வந்ததும் ஒரு நடை ஊருக்குப் போலாமா?" என்றான். "ரெண்டு பேரும் போய் நின்னா கண்மணி கதவைச் சாத்தவா போறா?"

"போலாங்க" என்றாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினாள்.

பத்தரை என்றார்கள், பன்னிரண்டு வரை பெயர் வரவில்லை. காத்திருக்கும் அறையில் ஒரு கைக்குழந்தை அழுதது. ஒரு வயதான தம்பதி ஒரே புகைப்பட ஆல்பத்தை மூன்று முறை புரட்டினார்கள். திருமூர்த்தி அவளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். "ஏன் இப்படி டென்ஷனா இருக்க? நாம என்ன பொய்யா சொல்லப் போறோம்?" என்றான்.

அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். இருவரையும் வலது கையை உயர்த்தச் சொல்லி, உண்மையே பேசுவோம் என்று சத்தியம் வாங்கினாள். யார் சமைப்பது, யாருக்கு எப்போது ஷிஃப்ட், கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள் என்றெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டாள். சண்டை ஏசி வைக்கும் அளவுக்காக என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு அவள் காகிதங்களைப் புரட்டியபடி, பேச்சுவாக்கில், "கடைசி நிமிஷத்தில் அனுப்பியிருக்கிறீர்கள் போலிருக்கிறதே. கார்டு முடிய இரண்டே நாள் இருந்திருக்கிறது" என்றாள்.

"இல்லை மேடம்" என்றான் திருமூர்த்தி. "நாங்கள் ஏப்ரலிலேயே அனுப்பிவிட்டோம். தபாலில்தான் தாமதம்."

அதிகாரி ஒரு பக்கத்தைத் திருப்பி வைத்தாள். கவரின் நகல். முத்திரையில் ஜூன் பன்னிரண்டு தெளிவாக இருந்தது.

"ஏப்ரலில் அனுப்பியது நிச்சயமா? சத்தியத்தின் பேரில் சொல்கிறீர்கள்" என்றாள். அவள் முகத்தில் இதுவரை இருந்த சிரிப்பு இல்லை.

அவன் முத்திரையைப் பார்த்தான். பிறகு வான்மதியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம்கூட இல்லை. நீதானே அனுப்பினாய், எடுத்துச் சொல்லு என்கிற நம்பிக்கைதான் இருந்தது. ஏதோ குழப்பம், ஞாபகமில்லை என்று மழுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் பொய் சொன்னவன் அவனாகிவிடுவான்.

"அவர் சொல்வது அவருக்குத் தெரிந்த உண்மை" என்றாள் வான்மதி. இங்கிலீஷில் பேசியதால் வார்த்தைகள் யாரோ சொல்வது போல வந்தன. "ஏப்ரலில் அனுப்பிவிட்டதாக நான்தான் அவரிடம் பொய் சொன்னேன். ஜூனில்தான் போட்டேன். கார்டு கிடைத்ததும் என்னை விட்டுப் போய்விடுவார் என்று பயந்தேன். இடையில் அவர் அப்பா இறந்துவிட்டார். ரசீது இல்லாததால் இவரால் போக முடியவில்லை. இன்றுவரை இவருக்கு இது தெரியாது."

திருமூர்த்தி கவரின் நகலையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல்கள் சிவந்திருந்தன.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று அதிகாரி கேட்டாள்.

"தெரியாது."

"ஒன்று கேட்டாக வேண்டும். இந்த விண்ணப்பத்தை உங்கள் மனைவியோடு சேர்ந்து தொடர விரும்புகிறீர்களா?"

வான்மதி அவன் பக்கம் திரும்பவில்லை. ஏசியின் இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன், "ஆமாம்" என்றான்.

அதிகாரி ஏதோ எழுதினாள். முடிவு தபாலில் வரும் என்றாள். வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டு, "உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன்" என்று அவனிடம் மட்டும் சொன்னாள்.

பார்க்கிங்கில் வெயில் கொளுத்தியது. காருக்குள் ஏறாமல் அவன் பானெட்டின் மேல் ஃபைலை வைத்துவிட்டு நின்றான்.

"ஆமான்னு சொன்னது கார்டுக்காகன்னுதான நெனைக்கற?"

"இல்லீங்க..."

"நெனைச்சுக்கோ. இனி நான் என்ன சொன்னாலும் உனக்கு அப்படித்தான தோணும்?" அவன் குரல் உயரவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மதி. என்ன பேசினீங்கன்னு ஒரு வார்த்தை."

அவள் அழுதாள். மன்னிப்பு என்கிற சொல்லே வாயில் வரவில்லை. அதைக் கேட்கிற இடத்தில் தான் இல்லை என்று பட்டது.

"அன்னைக்கு ஃபோனை வெச்சுட்டு நான் உட்கார்ந்திருந்தப்ப முதுகுல கை வெச்ச. அப்பவுமா சொல்லத் தோணலை?"

"தோணுச்சுங்க. அப்ப சொன்னா நீங்க என் முகத்துல முழிக்க மாட்டீங்கன்னு..."

அவன் தன் ஃபோனை எடுத்து, ஒரு எண்ணைத் திறந்து அவளிடம் நீட்டினான். "கண்மணிகிட்ட நீயே சொல்லு. ரெண்டு வருஷமா அவ என்னைத்தான் குத்தவாளியா வெச்சிருக்கா."

ஊரில் அப்போது இரவு பதினொன்றரை இருக்கும். மூன்றாவது முறைதான் கண்மணி எடுத்தாள். ஏதோ விபரீதம் என்று பயந்த குரல். வான்மதி இந்த முறை தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலீஷில் வந்த அளவுக்கு அது சுலபமாக வரவில்லை. இழுப்பறை, ஜூன் பன்னிரண்டு, அன்று ஒட்டுக்கேட்டது எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்கப்பா கண்ணு மூடற வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருந்தாருங்க அண்ணி" என்றாள் கண்மணி கடைசியில். "உங்ககிட்ட இதுக்கு மேல பேச எனக்கு ஒண்ணுமில்லைங்க. ஃபோனை எங்கண்ணன்கிட்டக் குடுங்க."

கொடுத்துவிட்டு வான்மதி நான்கு கார் தள்ளிப் போய் நின்றாள். அவன் பேசியது கேட்கவில்லை. ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

மூன்று வாரத்தில் பத்து வருஷக் கார்டு தபாலில் வந்தது. மறுநாளே டிக்கெட் போட்டான், ஒரு டிக்கெட். ஏர்போர்ட்டுக்கு அவள்தான் கொண்டுபோய் விட்டாள். "திரும்பி வருவீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

"தெரியலை" என்றான். பொய் சொல்லக்கூடாது என்பதற்காகவே சொன்னது போலிருந்தது.

ஐந்து வாரம் அவனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அவளும் ஃபோன் செய்யவில்லை. காத்திருப்பது எப்படிப்பட்டது என்பதை இப்போதுதான் முழுசாகத் தெரிந்துகொண்டாள். காலையில் எழுந்ததும் ஃபோனைப் பார்ப்பாள். ஆஃபீஸில் அந்த அடி இழுப்பறையைத் திறக்கவே மாட்டாள். ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃப்ளைட் எண்ணும் நேரமும் மட்டும் வந்தன.

ஆஸ்டின் ஏர்போர்ட்டில் அவன் இளைத்துக் கறுத்து வந்தான். பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பாதி வழி வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அம்மா நீ எங்கேன்னு கேட்டாங்க" என்றான் பிறகு. "கண்மணி அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை. அடுத்த தடவை வருவான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

வான்மதி திரும்பிப் பார்த்தாள்.

"ரோட்டைப் பாரு" என்றான். "கோவம் போயிருச்சுன்னு நெனைக்காத, போகலை. எப்பப் போகும்னும் தெரியலை. கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட எதுவும் கேக்காத."

"கேக்க மாட்டேங்க" என்றாள் அவள். ரவுண்ட் ராக் போகும் பாதையில் வண்டியைத் திருப்பினாள்.