மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு

…ஆனால் மகள் அந்த இடத்தை ஏன் காட்டினாள், நீரூற்றுக்கு எதிரே, மரத்தடியில், புத்தகக் கடை வாசலில் என்று இத்தனை பெஞ்சுகள் இருக்க, மணிக்கூண்டுக்குப் பின்னால் கிடக்கும் அந்த ஒற்றைப் பெஞ்சில் போய் விரலை வைத்தாளே, ஒரு நொடி யோசிக்கக்கூட இல்லையே… காலையில் சாப்பாட்டு மேசையில் புதுச் சதுக்கத்தின் வரைபடத்தை விரித்து, "நீயா இருந்தா எங்கடி உக்காருவ?" என்று இவள் விளையாட்டாகத்தான் கேட்டாள், மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இங்க" என்றாள், ஏன் என்றதற்கு, "சும்மாம்மா", அவ்வளவுதான், பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். சும்மா என்பதைப்போல் சும்மா இல்லாத சொல் வேறு உண்டா? மடியில் கனமில்லாதவளுக்கு மறைவு எதற்கு? எவனோ ஒருத்தன் இருக்கிறான், இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் போனை ஏன் எப்போதும் கவிழ்த்தே வைக்கிறாள்…

அலுவலகத்துக்கு வந்தும் ஓயவில்லை. மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் கீழே, வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுத் தோண்டிப் போட்ட கடைத்தெரு, இனி மனிதர்கள் மட்டுமே நடக்கப்போகும் சதுக்கம், இவள் வரைந்தது. "மறைவா ஒரு மூலைகூட இருக்கக் கூடாது மேடம்" என்று கூட்டத்தில் காவல் அதிகாரி சொன்னபோது பெருமையாகத் தலையாட்டினாளே, பிறகு இந்தப் பெஞ்சு எப்படித் தப்பியது, நாளை வரைபடம் ஒப்புதலுக்குப் போய்விடும், இன்றே தூக்கிவிட வேண்டியதுதான்… எதற்கும் இருக்கட்டும் என்று கணினியில் இருந்த சதுக்கத்தின் மாதிரிக்குள் ஒவ்வோர் இடமாக நின்று பார்த்தாள், பேருந்து நிறுத்தத்திலிருந்து பெஞ்சு தெரிந்தது, மருந்துக்கடையிலிருந்து, காவல் கூண்டிலிருந்து, எங்கிருந்து பார்த்தாலும் பளிச்சென்று, ஊரே பார்க்கும் இடம், இதில் எவனோடு போய் ஒளிவாள்? அப்படியானால் தனக்கு மட்டும் ஏன் அது மறைவாகப் பட்டது… தலையைத் தூக்கி ஜன்னல் வழியே பார்த்தாள், பெஞ்சு வரப்போகும் இடத்தை மறைத்துக்கொண்டு குறுக்கே மணிக்கூண்டு நின்றது. போன வாரம் அம்மாவின் வேலை முடியட்டும் என்று மகள் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், "இங்கேருந்தே எல்லாம் தெரியுதேம்மா" என்றாள், இவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, "ஒரு ஈ காக்கா தப்பாது" என்று சிரித்தாளே… யாரோடு, யாரோடு என்று காலையிலிருந்து குடைந்தவள், யாரிடமிருந்து என்று ஒருமுறையாவது கேட்டுக்கொண்டாளா? நெஞ்சு வலித்தது, கூடவே கோபமும் வந்தது, பெற்றவள் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? பெஞ்சை அழிக்க இப்போது ஒரு காரணமும் இல்லை, அழிக்கவும் மாட்டாள். ஆனால் நாலடி இடப்பக்கம் தள்ளினால் இங்கிருந்து தெரியும் என்று அவள் கை அதற்குள் அளந்துவிட்டிருந்தது.