தேய்ந்த பல்லில் புதுச் செயின்

ரஞ்சித்குமார் சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி மாட்டி, பெடலைக் கையால் சுழற்றினான். செயின் கரகரவென்று ஓடியது. கண்ணிகளுக்கு நடுவே அளவுகோலை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“செயின் நீண்டு போச்சுங்க டீச்சர். பின்னாடி பல்சக்கரத்துல பல்லெல்லாம் பாருங்க, அரிவாள் மூக்கு மாதிரி வளைஞ்சு நிக்குது.”

“செயினை மட்டும் மாத்திடு தம்பி” என்றாள் ஜெயசுதா.

“புதுச் செயின் இந்தத் தேஞ்ச பல்லுல உக்காராதுங்க. சும்மா ஓட்டுனா தெரியாது. எழுந்து நின்னு மிதிச்சீங்கன்னா வழுக்கிடும். ரெண்டையும் சேத்துத்தான் மாத்தணும்.” துணியில் கையைத் துடைத்தபடி அவன் தொடர்ந்தான். “என்னைக் கேட்டா, இந்தப் பழைய கியரையே கட்டிக்கிட்டு அழ வேணாம். ஹேண்டில்பார்லயே மாத்துற செட்டு போட்டுடலாம். இப்ப ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துக் கீழ குனிஞ்சுல்ல மாத்துறீங்க.”

“அதுக்குப் புது வண்டியே வாங்கிடலாம்னு எங்க வூட்டுக்காரர் சொல்றாரு.”

“ஃபிரேம் இரும்புங்க. இன்னும் இருவது வருஷம் வரும். அதனாலதான் சொல்றேன்.”

ஜெயசுதாவுக்கு மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை. கல்லூரி நாளில் மாநிலப் போட்டிகளுக்கு ஓட்டிய சைக்கிள் அது. கியர் நெம்புகோல் இரண்டும் ஃபிரேமின் சரிந்த குழாயில் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். பார்க்காமலே கை அங்கே போய்விடும். அந்தப் பழக்கத்தை விடவும் தயக்கம், செலவழிக்கவும் தயக்கம். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, செயினை மட்டும் மாற்றிக்கொண்டு பெரம்பலூரிலிருந்து குன்னத்தில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பினாள்.

அவள் செந்துறைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வயது முப்பத்தாறு. சனிக்கிழமைகளில் விடிவதற்குள் கிளம்பி நாற்பது கிலோமீட்டர் சுற்றிவிட்டு வருவாள். கணவர் பாலசுந்தரம் மின்வாரியத்தில் லைன்மேன். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் கோத்த தாலியைக் கழற்ற அவளுக்குக் கை வந்ததில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை தை மாதப் பனி ரோட்டை மூடிக் கிடந்தது. செந்துறை ரோட்டில் ஒரு மேடு ஏறும்போது பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முந்திப் போகட்டும் என்று இடது ஓரம் ஒதுங்கினாள். கியர் மாற்ற வலது கையை எடுத்துக் கீழே குனிந்தாள்.

அந்த நேரத்தில் வண்டியிலிருந்தவர்கள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தார்கள்.

கத்தியால் கோடு கிழித்தது போலிருந்தது. கனத்த சங்கிலி, சட்டென்று அறுந்துவிடவில்லை. மோட்டார் சைக்கிள் வேகமெடுக்க, அது அவள் தொண்டைக்குள் இறங்கியது. ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியவில்லை. முன்சக்கரம் திரும்பிக்கொண்டது. சைக்கிளோடு விழுந்து ஜல்லியில் பத்தடி தூரம் இழுபட்டாள். கன்னத்துத் தோல் உரிந்தது. பிறகுதான் சங்கிலி அறுந்தது.

தாலி கோத்த பாதி அவள் பிடிக்குள் இருந்தது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். அவள் வயிற்றில் உதைத்தான். மடங்கிப்போனவளின் கையைக் காலால் மிதித்து, விரல் விரலாகப் பிரித்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அது யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை. அவன் அவள் முகத்தில் குத்திவிட்டுத் தாலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி ஏறினான்.

ஜெயசுதா எழுந்தாள். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் ஒரே கொதிப்பாக இருந்தது. சைக்கிளை நிமிர்த்தி ஏறி மிதித்தாள்.

முன்னால் வளைவில் ஊர்க்காரர்கள் பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் குவித்து, தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். பனியில் அந்தக் கல் மோட்டார் சைக்கிள்காரனுக்குத் தெரியவில்லை. பெரிய சத்தம் கேட்டது. இருவரும் தூக்கியெறியப்பட்டார்கள். ஓட்டியவன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கூட வந்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டான். மற்றவன் ஒரு காலை இழுத்துக்கொண்டு பருத்திக்காட்டை நோக்கி ஓடினான்.

அவனைப் பிடித்துவிடலாம். ஜெயசுதா எழுந்து நின்று முழு பலத்தோடு மிதித்தாள். செயின் பல்லை விட்டுத் தாவியது. பெடல் வெறுமையாகச் சுழல, நெஞ்சு ஹேண்டில்பாரில் மோத, மறுபடியும் ரோட்டில் விழுந்தாள். மூச்சு நின்று திரும்பியது. காற்றடிக்கிற பம்பை ஃபிரேமிலிருந்து உருவிக்கொண்டு ஓடினாள்.

சோளத்துக்குக் காவல் படுத்திருந்தவர்கள் அதற்குள் அவனை வரப்பில் மடக்கிவிட்டார்கள். இராமலிங்கம் என்ற பெரிய உடம்புக்காரர் அவன் தலைமுடியைப் பிடித்திருந்தார். அவர்களோடு இருந்த அம்மாக்கண்ணு ஜெயசுதாவின் கழுத்தைப் பார்த்து, “அய்யோ, என்னா டீச்சர் இது?” என்று பதறினாள். அவளுடைய மகள் ஜெயசுதாவிடம்தான் படித்தாள்.

“இவன்தான்” என்றாள் ஜெயசுதா. சொல்லிக்கொண்டே பம்பால் அவன் முகத்தில் அடித்தாள். மூக்கெலும்பு நொறுங்கியது அவள் கைக்கே தெரிந்தது.

அது ஒன்றே போதுமாக இருந்தது. ஏழெட்டுப் பேர் அவன் மேல் விழுந்தார்கள். விறகுக்கட்டை, செருப்பு, கல். அவன் முதலில் கத்தினான், பிறகு கும்பிட்டான், பிறகு தலையை மட்டும் மூடிக்கொண்டான். ஒருவர் அவன் முழங்கையைத் திருப்பி உடைத்தார். இராமலிங்கம் ரோட்டில் கிடந்த அவள் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கி வந்து அவன்மீது போட்டார். மறுபடி தூக்கினார், மறுபடி போட்டார். பெடலோரத்துப் பெரிய பல்சக்கரத்தின் பற்கள் அவன் நெற்றியிலிருந்து கன்னம்வரை கிழித்தன. ஒரு கண் இருந்த இடத்தில் ரத்தம் மட்டும் இருந்தது.

ஜெயசுதா பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் அடிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். மூன்றாவது தடவை சைக்கிள் மேலே எழும்பியபோது, அவன் கை தலையை மூட வரவில்லை. பக்கத்தில் விழுந்து விரல்கள் விரிந்து கிடந்தன.

“விடுங்க. செத்துடுவான்.”

யாருக்கும் கேட்கவில்லை. அவள் உள்ளே புகுந்து அவன்மேல் குனிந்து கையை உயர்த்தினாள். அவனுக்கென்று ஓங்கிய விறகுக்கட்டை அவளுடைய வலது முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அதன்பிறகு யாரும் அடிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் இருவரையும் ஒன்றாகவே அரியலூருக்குக் கொண்டுபோனது. அவன் பிழைத்தான். கண் போய்விட்டது. அன்று மாலை இன்ஸ்பெக்டர் அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

“வண்டியிலேர்ந்து விழுந்ததுல பட்ட காயம்னு ஊர்ல சொல்றாங்க. நீங்களும் அப்படியே சொன்னா முடிஞ்சுடும்மா.”

பாலசுந்தரம் அவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார்.

“முதல்ல நான்தான் சார் அடிச்சேன்” என்றாள் ஜெயசுதா. “பம்பால அடிச்சேன். அப்பறம் மத்தவங்க.”

“மத்தவங்கன்னா?”

அவள் இராமலிங்கத்தின் பெயரைச் சொன்னாள். கட்டையால் அடித்தவரின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை.

“உனக்கென்ன பைத்தியமா?” என்று இன்ஸ்பெக்டர் போனபின் பாலசுந்தரம் கேட்டார். “உன் தாலிக்காகத்தானே அந்தாளு அடிச்சாரு?”

“ஆமாங்க” என்றாள்.

அவள் பெயரிலும் வழக்குப் பதிவானது. பள்ளியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அம்மாக்கண்ணு மகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டாள். மாவுக்கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை.

சித்திரையில் அவள் சைக்கிளை வேனில் ஏற்றிப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனாள். ரஞ்சித்குமார் ஃபிரேமில் நூல் பிடித்துப் பார்த்தான். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைத் தட்டினான்.

“ஃபோர்க் வளைஞ்சு போச்சு, மாத்தியே ஆகணும். ஃபிரேம் நேராத்தான் இருக்கு. பல்லு, செயின் எல்லாம் பழைய மாடல்லயே புதுசா போட்டுக் குடுத்துடவா? இல்ல, அன்னைக்குச் சொன்ன செட்டா?”

அவள் வலது கையைக் கீழே நீட்டிக் காட்டினாள். நெம்புகோலைத் தொட்ட கையால் அதைத் தள்ள முடியவில்லை.

“கையை எடுக்காம மாத்துற மாதிரியே போட்டுடு தம்பி.”

“அன்னைக்கே நான் அழுத்திச் சொல்லியிருக்கணுங்க டீச்சர்.”

“நீ சொன்ன. நான்தான் கேக்கல.”

பத்து நாள் கழித்து அதே ரோட்டில் போனாள். போகாமலே இருந்தால் பயம் நிலைத்துவிடும் என்று தோன்றியது. வளைவில் இராமலிங்கம் வேப்பமரத்தடியில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து நின்றார். அவள் பிரேக் பிடித்தாள்.

“பதினஞ்சு நாள் உள்ள இருந்துட்டு வந்தேன்” என்றார். “ஏம்பேரைச் சொன்னது நீங்கதான்னு சொல்றாங்க.”

“நான்தாங்க சொன்னேன்.”

“உங்களுக்காகத்தான் அடிச்சேன் டீச்சர்.”

“தெரியும். என்னைப் பாத்துதான் நீங்க எல்லாரும் அடிச்சீங்க. அதான் எம்பேரை முதல்ல சொன்னேன்.”

அவர் கை ஒருமுறை முஷ்டியாக மடங்கி விரிந்தது. அவள் ஹேண்டில்பாரை விடாமல், அடி விழுந்தால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடு நின்றாள். அவர் அடிக்கவில்லை. காறித் தரையில் துப்பிவிட்டு, அவிழ்ந்து திரிந்த மாட்டைப் பிடிக்கத் திரும்பிப் போனார்.

ஜெயசுதா மெல்ல மிதித்து அந்த இடத்தைக் கடந்தாள். அடுத்த மேட்டில் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமலே கியரை மாற்றி, செந்துறைவரை ஓட்டினாள்.