அழுகைப் பிளேட்டு

கமலாட்சி அந்தப் பாட்டுப் பிளேட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கூடத்தில் அவள் புருஷன் பஞ்சாட்சரத்தைக் குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பிழைத்திருந்தவரைக்கும் இப்படி ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்த மனுஷன் இல்லை.

"இன்னும் இன்னாமா தொடச்சிக்கினு இருக்கற?" என்றார் கைலாசம். செத்தவருக்கு அண்ணன். "ஊரு சாவுக்கெல்லாம் அத்தப் போட்டவன். அவன் வாசல்ல அது கேக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

"போடறேன் மாமா."

பெரிய காஞ்சிபுரத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் பஞ்சாட்சரம். கல்யாணம், காதுகுத்து என்றால் சினிமாப் பாட்டு. சாவு வீடு என்றால் இந்த ஒரு பிளேட்டுதான். தெருவே அதற்கு அழுகைப் பிளேட்டு என்று பெயர் வைத்திருந்தது. கோழி வளர்ப்புச் சொல்லித்தர பக்கத்துக் கிராமம் கூரத்துக்கு வந்திருந்த ஓர் அமெரிக்காக்காரன், தன் ரேடியோவைப் பழுது பார்த்துக் கொடுத்ததற்காக அன்பாகக் கொடுத்தது. பாட்டுக் குரலே கிடையாது. பிடில்தான் எல்லாம், பின்னால் ஏதோ தந்தி வாத்தியங்கள் ஒத்தாசைக்கு. வில் ஒரே இழுப்பில் இரண்டு தந்தியையும் சேர்த்துத் தொட்டு, கீழேயிருந்து ஸ்வரத்தை மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போகும். கல்மனசுக்காரனும் மூக்கைச் சிந்துவான். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பிடில்காரன் கை அப்படிப்பட்ட கை.

இரண்டு வருஷம் ஜோராக அழுதார்கள். அப்புறம் ஒரு நாள் பஸ் ஏற வந்த அந்த அமெரிக்காக்காரன் ஒரு சாவு வீட்டு வாசலில் அதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டான். சாயங்காலம் கடைக்கு வந்து, சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல், பாட்டுப் பெட்டியிலிருந்த வேகக் குமிழை, நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றிலிருந்து நாற்பத்தைந்துக்குத் தள்ளினான்.

அடேயப்பா! தறிகெட்டு ஓடியது பிடில். அவன் ஊர் மலைப்பக்கத்தில் அறுப்பு முடிந்து ஆணும் பெண்ணும் பலகைத் தரையில் குதித்து ஆடுகிற மெட்டாம் அது. மெட்ராஸிலிருந்து வாங்கிவந்த புதுப் பெட்டி; பெரிய பிளேட்டுகளுக்கு வைத்த வேகத்திலேயே இந்தச் சின்னதையும் சுற்றவிட்டிருந்தார் பஞ்சாட்சரம். மனுஷக் குரல் இருந்திருந்தால் முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும். பிடிலுக்கு யார் சாட்சி?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் கமலாட்சியிடம் சொன்னார்.

"வெளிய தெரிஞ்சா செருப்பால அடிப்பாங்கடி."

பிறகு வீட்டுக்குள் மட்டும், சன்னமாக, சரியான வேகத்தில் போட்டுப் போட்டுக் கேட்பார். "மெதுவா கேட்டா ஒவ்வொரு இழையா தெரியுது. இந்த வேகத்துல கேட்டா சேலையா தெரியுது. அழுகையெல்லாம் உள்ளாறவே இருக்குது பாரு, அத்த எடுத்துக்கினே ஓடறான்!" என்பார். ஒவ்வொரு சுற்றிலும் பிடில்காரன் அதே மெட்டை வேறு மாதிரி திருப்புவான். உச்சிக்குப் போகும் இடத்தில் பஞ்சாட்சரம் கையைத் தூக்கிவிடுவார். கமலாட்சியின் கால் மெட்டி தன்னையறியாமல் தரையில் தட்டும். "பாரு பாரு, உன் மெட்டிக்குப் புரியுது!" என்று கேலி செய்வார்.

நேற்று மத்தியானம் படுத்த படுக்கையில் கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு அண்ணன் அந்தப் பிளேட்டப் போடச் சொல்லும். நீ குமிழத் தள்ளிடு. என்ன அழுவாச்சியா அனுப்பாத. நல்லாத்தாம்மா இருந்தோம்."

சொல்வது சுலபம். கூடத்தில் பிணத்தின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள் எதிர்வீட்டுத் தையல்நாயகி. அவள் ஒரே மகன் காய்ச்சலில் போனபோது அந்தப் பிளேட்டைத்தான் போட்டார்கள். அதிலிருந்து எந்தச் சாவு வீட்டில் அது கேட்டாலும் வந்து ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். எம் புள்ள பாட்டு என்பாள். அவளிடம் போய், உன் மகனுக்கு நாங்கள் கூத்துப் பாட்டுப் போட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? புருஷன் பேச்சைக் காப்பாற்றினால் இவள் மனசு உடையும். இவளைக் காப்பாற்றினால் அவர் அழுவாச்சியாகப் போவார்.

பிளேட்டை வைத்து முள்ளை இறக்கினாள். பழைய வேகமே. வாசலில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் பிடில் அழத் தொடங்கியதும் பெண்கள் கட்டிக்கொண்டு கதறினார்கள். கைலாசம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கமலாட்சி புருஷன் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இருப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றியது.

"நேரமாச்சு, எடுங்கப்பா," என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சங்கு ஊதியது. பறைக்காரர்கள் வாசலில் தயாரானார்கள். பாடையில் கிடத்திக் கட்டினார்கள்.

கமலாட்சி பெட்டியண்டை போனாள். முள்ளைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தாள். குமிழைத் தள்ளினாள்.

பிடில் துள்ளிக்கொண்டு கிளம்பியது. தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இன்னாமா இது, அக்குறும்பு!" கைலாசம் பாய்ந்து வந்தார். "கல்யாண வீடா இது? நிறுத்து!"

"அவரு கேட்டாரு மாமா. இதான் அதோட நெசமான வேகம். நாமதான் தப்பா போட்டுக்கினு இருந்தோம்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தையல்நாயகியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கமலாட்சி, இது அதே பாட்டாடி?"

"ஆமாக்கா. மன்னிச்சிக்கோக்கா."

வில் உச்சிக்கு ஏறியது. கீழே வராமல் அங்கேயே சுற்றிச் சுற்றி விளையாடியது. அப்புறம் கீழே சரிந்து வந்தபோது, அழுகைப் பிளேட்டின் அந்த இழுப்பு ஒரு கணம் கேட்டு மறைந்தது. அதைத் தையல்நாயகியும் கேட்டாள். அவள் முகம் மாறியது.

"எம் புள்ள இப்படித்தான்டி ஓடுவான்," என்றாள். "ஒரு எடத்துல நிக்க மாட்டான். கூப்பிடக் கூப்பிட ஓடுவான்." கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் சிரித்தாள். "நிறுத்தாதடி. ஓடட்டும்."

கைலாசத்தின் கை குமிழுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. மெல்லக் கீழே இறங்கியது.

வாசலில் பறைக்காரர் ஒருவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, குச்சியை மாற்றிப் பிடித்து அடியைச் சேர்த்தார். அட, சாவுக்கு அடிக்கிற வேகமும் அதுவும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்திப்போயின! மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாடை தோளேறியது. தூக்கியவர்களின் நடையே மாறிப்போய், பஞ்சாட்சரம் குலுங்கிக் குலுங்கிப் போனார்.

பெண்கள் வாசலோடு நின்றார்கள். பாடை தெருமுனை திரும்பும்வரை கமலாட்சி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிடில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தையல்நாயகி அவள் காலைப் பார்த்தாள்.

காரியத்தன்று கழற்ற வேண்டிய மெட்டி, படிக்கல்லில் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது.