அப்பாவைக் காட்டும்மா

சுலோசனாவின் விரல் தவறிச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது. லேப்டாப்பின் மணியோசை நின்றது. டப்ளினிலிருந்து கூப்பிட்ட மகள் வைஷாலியின் படமும் மறைந்துபோனது.

கட்டிலில் கணவர் ரத்தினவேலுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஹெப்பால் தொழிற்பேட்டையில் ஆயுசெல்லாம் லேத் மெஷின் ஓட்டிய உடம்பு, போர்வைக்குள் இருப்பதே தெரியவில்லை. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் காலையில் கைவிரித்துவிட்டார். மகன் தீபக் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றிவரப் போயிருந்தான். சுலோசனாவிடம் இருந்ததோ பட்டன் போன். வைஷாலிக்கு அப்பா முகத்தைக் காட்ட இந்த லேப்டாப்பை விட்டால் வேறு வழியில்லை.

அதைத் தொட்டாலே அவளுக்குப் பயம். போன தசராவுக்கு வந்திருந்தபோது வைஷாலி தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினாள். மவுஸைப் பிடித்த கை வியர்த்து வழுக்கும். "ஏதாச்சும் அழிஞ்சு போயிருமா கண்ணு?" என்று கையை இழுத்துக்கொள்வாள்.

"ஏனூ ஆகல்லம்மா, ஒண்ணும் ஆகாது. தப்பா அழுத்திட்டா மறுபடி அழுத்து, அவ்வளவுதான்."

ரத்தினவேல் நாற்காலியில் சாய்ந்தபடி சிரிப்பார். "லேத்துல கைய வெச்சாத்தான் வெரலு போகும். இதுல என்ன போயிரும்? தைரியமா அழுத்து."

இப்போது அந்தத் தொண்டையிலிருந்து கொறகொறவென்ற சத்தம் மட்டுமே வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"ஏனுங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க. பாப்பா வந்துருவா."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி திரையெங்கும் ஓடியது. எதையோ அழுத்த, வேறெதுவோ திறந்துகொண்டது. பெருக்கல் குறியைத் தேடி மூடினாள். வைஷாலியின் படம். பக்கத்தில் சின்னக் கேமரா. அழுத்தினாள். மணி அடித்தது.

"அம்மா! நீயா கூப்பிட்ட?" வைஷாலியின் கண்கள் வீங்கியிருந்தன. "அப்பாவைக் காட்டும்மா."

சார்ஜர் ஒயரோடு லேப்டாப்பைத் தூக்கிக் கட்டில் பக்கம் திருப்பினாள். ரத்தினவேலின் இமைகள் பிரிந்தன. பார்வை திரையில் வந்து நின்றது. உதடு அசைந்தது.

"அப்பா, டிக்கெட் போட்டுட்டேன். நாளைக்கு வந்துருவேன். கேக்குதாப்பா?"

ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகச் சுலோசனா காத்திருந்தாள். வாசலில் ஒரு ஆட்டோ போனது. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. அடுத்த மூச்சு வரவில்லை.

"வந்ததும் உங்க கூடவே இருக்கேன்பா. லீவு சொல்லிட்டேன்..." வைஷாலி பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு குரல் தணிந்தது. "அம்மா... அப்பா என்னையத்தானே பாக்கறாரு?"

லேப்டாப்பின் அடிப்பக்கம் சூடேறி உள்ளங்கையைச் சுட்டது.

"பேசு கண்ணு," என்றாள் சுலோசனா, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு.