ஓட்டம் வந்தவரைத் தொடக்கூடாது

விறைத்துப்போன இடது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. தையல்காரம்மா கணவரின் முழங்கையை மடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. கத்தரியை எடுத்து, தானே தைத்த அந்த வெள்ளைச் சட்டையை முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். "கை மிதக்கணும்டி, இன்னும் தொளதொளன்னு வேணும்" என்று அவர் நாலு தடவை பிரிக்க வைத்த சட்டை அது.

மனுஷன் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் அவளுடைய தையல் மெஷினைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். தொல்லை தாங்காமல் அவள்தான் தெருமுனைப் புத்த விகாரைக்கு இழுத்துப்போய் சீகோங் வகுப்பில் சேர்த்துவிட்டாள். மெல்லக் கையை ஏற்றி, மெல்ல இறக்கி, அசைந்துகொண்டே செய்கிற தியானம். "ஆயுசு பூரா லிஃப்ட்ட ஏத்தி இறக்கினீங்க, இனிமே கைய ஏத்தி இறக்குங்க" என்று கிண்டல் வேறு செய்தாள்.

நாலு வருஷமாக அவருக்கு ஒரே ஒரு குறை. மரம் மாதிரி அசையாமல் நிற்கும்போது சிலருக்குக் கை தானாக நடுங்கும். உடம்புக்குள் சக்தி ஓடுவதன் அடையாளமாம்; அதற்கு அங்கே 'ஓட்டம்' என்று பெயர். "எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வரமாட்டேங்குது" என்று சோற்றுத் தட்டின் முன்னால்கூடப் புலம்புவார்.

நேற்றுக் காலை வகுப்பில் விழுந்தார். எதிர்ச்சாரியில்தான் ஆஸ்பத்திரி. கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார்கள். ஒரு நொடியில் போய்விட்டார், வலி தெரிந்திருக்காது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இதுவரை இடிந்துபோகாமல் இருந்தாள்.

விகாரைக் கூடத்தில் உடலைக் கிடத்தினார்கள். வகுப்பில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் பஸ் டிரைவர் வந்து அவளருகே குந்தினார்.

"அக்கா, ஒரு நல்ல சேதி. கடைசியில அண்ணனுக்கு ஓட்டம் வந்துருச்சு."

"என்ன வந்துச்சு?"

"இடது கை கிடுகிடுன்னு ஆடுச்சுக்கா. மொகமெல்லாம் வேர்வை. வாயத் திறந்து என்னமோ சொல்ல வந்தாரு. நாலு வருஷக் காத்திருப்பாச்சே! எங்க எல்லாருக்கும் கண்ணு கலங்கிருச்சு."

"நீங்கல்லாம் என்ன பண்ணீங்க?"

"ஓட்டம் வந்தவங்களத் தொடக்கூடாதுல்ல. சுத்தி நின்னு கும்பிட்டோம். பத்து நிமிஷம் இருக்கும், அப்புறந்தான் விழுந்தாரு."

"என்ன சொல்ல வந்தீங்கன்னு ஒருத்தரும் கேக்கலையா?"

"பேச்சுக் குடுக்கக்கூடாதுக்கா."

பதினெட்டுப் பேர் சுற்றி நின்று கும்பிட்டிருக்கிறார்கள். படுபாவிகளே என்று கத்த வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டவள் அவள்தானே.

வகுப்பு நடத்தும் மாஸ்டர் எழுந்தார். "லிஃப்ட்காரருக்காக எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் நிப்போம்."

உடலைச் சுற்றி, குடத்தை அணைத்த மாதிரிக் கைகளை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் டிரைவரின் வலது கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் தோள்வரை ஏறியது. பக்கத்தில் நின்ற பெண் பார்த்துவிட்டு ஓரடி விலகிக் கை கூப்பினாள்.

தையல்காரம்மா எழுந்து போனாள்.

"தொடாதீங்கம்மா" என்றார் மாஸ்டர், தணிந்த குரலில்.

அவள் டிரைவரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். "நெஞ்சு வலிக்குதா?"

அவர் கண்ணைத் திறந்தார். "இல்லக்கா, அழுகைதான் வருது." உதடு கோணியது. "அக்கா... அண்ணனுக்கு வலிச்சிருக்குமா?"

டிரைவர் கையை இழுத்துப் பார்த்தார்.

"இருங்க," என்றாள். "அவரு நின்ன பத்து நிமிஷம் ஆகட்டும்."

நடுக்கம் நின்றுவிட்டது. அவள் பிடியைத் தளர்த்தாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.