மலை ஏறிப் பார்த்த வண்டி

ஆலங்காயத்துக்கு மேலே, மலைக் கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் பொன்மலரை மாற்றியபோது, அவள் கணவன் ஜார்ஜ் முதலில் யோசித்தது வண்டியைப் பற்றித்தான். மழை பெய்தால் பஸ் மலையடிவாரத்தோடு நின்றுவிடும். மகள் ரெனிட்டாவை அங்கேயே பள்ளியில் சேர்ப்பதாக முடிவாகியிருந்தது. ஜார்ஜுக்கு வேலூரில் ஆபீஸ் வேலை. சனிக்கிழமை இருவரையும் அழைத்து வந்து திங்கள் விடிந்ததும் கொண்டு விடுவது தன் பொறுப்பு என்று அவனே சொல்லியிருந்தான்.

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற டீசல் வண்டி ஒன்று ஆம்பூரில் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, 2004 ஆகஸ்டில் ஒரு காலை மூவரும் போனார்கள். வண்டியின் சொந்தக்காரர் வக்கார் அகமது தோல் வியாபாரி.

"எங்க வீட்ல இதுல ஏறி எறங்க முடியல சார். முட்டி வலி ஜாஸ்தி ஆயிடுச்சு. இப்ப கல்யாணத்துக்கும் கறிக்கடைக்கும்தான் போய்ட்டு வருது" என்றார்.

ஜார்ஜ் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். ஆயிலைத் தொட்டுப் பார்த்தான். இன்ஜினை ஓடவிட்டுப் புகையின் நிறத்தைக் கவனித்தான். ரெனிட்டா கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்து, "காலை எங்கப்பா வெக்கிறது?" என்றாள். பொன்மலர் பின்கதவைத் திறந்து, சீட்டை மடக்கினால் ஒரு ஆளைப் படுக்க வைக்க முடியுமா என்று கேட்டாள். வக்கார் மடக்கிக் காட்டினார். முடியும்.

"மலையில ஓட்டிப் பாத்துடலாம்" என்றாள்.

"ஹைவேயிலயே தெரிஞ்சிடும் மலர்."

"நாம ஹைவேயில குடியிருக்கப் போறதில்லையே."

வக்கார் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வாணியம்பாடி வரை வண்டி சத்தம் போட்டாலும் சீராகப் போனது. ஜார்ஜுக்குத் திருப்திதான். ஆலங்காயம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் அவன் பேச்சு குறைந்தது. மூன்றாவது வளைவுக்கு அப்பால், இரண்டு நாள் மழையில் தார் அரித்துப்போய்ச் செம்மண் சேறாகக் கிடந்தது. இடப்பக்கம் தடுப்புச் சுவர் இல்லை. கீழே வெகுதூரத்தில் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது.

"இந்தச் சின்ன லிவரை இழுங்க சார். முன் சக்கரமும் இழுக்கும்" என்றார் வக்கார்.

ஜார்ஜ் இழுத்தான். வண்டி ஒருமுறை குலுங்கி, சேற்றைப் பிடித்துக்கொண்டு பத்தடி ஏறியது. அதற்குள் அவன் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டான்.

"கிளட்ச் சரியில்ல."

"போன மாசந்தான் மாத்தினேன். அதுக்கு முன்ன கூட ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்ல" என்றார் வக்கார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

ஜார்ஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். கிளட்ச் என்றே சொல்லிவிட்டு, வண்டி வேண்டாம் என்று திரும்பிப் போய்விடலாம். வேறு வண்டி பார்ப்பதாகச் சொல்லி ஒரு மாதத்தைக் கடத்திவிடலாம். ஆனால் பக்கத்தில் இருந்த மனிதர் தன் வண்டியில் என்ன குறை என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

"வண்டில ஒண்ணும் இல்ல பாய்" என்றான் கடைசியில். "எனக்குத்தான் கீழ பாத்தா தலை சுத்துது. கால் நடுங்குது."

யாரும் சிரிக்கவில்லை. பொன்மலர் பின்சீட்டிலிருந்து இறங்கி, டிரைவர் பக்கம் வந்து நின்றாள்.

"எறங்குங்க. நான் பாக்குறேன்."

"சிஸ்டருக்கு ஓட்ட வருமா?" என்றார் வக்கார்.

"கல்யாணத்துக்கு முன்ன கிராமத்து கேம்புக்கெல்லாம் ஆஸ்பத்திரி ஜீப்ப நான்தான் ஓட்டுவேன். லைசென்ஸ் இன்னும் இருக்கு."

ஜார்ஜுக்கு அது தெரியும். பதினைந்து வருஷமாக வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, அவ்வளவுதான். அவன் இறங்கிப் பின்சீட்டுக்குப் போனான். பொன்மலர் சீட்டை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல்முறை வண்டி நின்றுபோனது. மறுபடி கிளப்பினாள். சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. அவசரப்படாமல், ஆக்சிலேட்டரை அதிகம் அழுத்தாமல், வண்டியை அதன் போக்கில் ஏறவிட்டாள்.

"இந்தப் பக்கம் வந்துடுப்பா. கீழ தெரியாது" என்று ரெனிட்டா வலப்பக்கத்து இடத்தை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தாள். அவன் நகர்ந்து உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே ஈரப் பாறையைப் பார்த்துக்கொண்டு வந்தான். வெட்கமாக இருந்தது. மூச்சு மட்டும் மெல்லச் சீரானது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் வக்கார் இறங்கி முன் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தினி நாள்ல நான் கூட இவ்ளோ தூரம் ஏத்துனதில்ல சிஸ்டர்" என்றார்.

வண்டியை வாங்கிவிட்டார்கள். ஆனால் அது வேலூருக்கு வரவில்லை. மலையிலேயே பொன்மலரிடம் இருந்தது. மழைநாளில் இரண்டு பிரசவக் கேஸ்கள் அதில் கீழே இறங்கின. சனிக்கிழமை மதியம் ஆபீஸ் முடிந்து ஜார்ஜ்தான் பஸ் பிடித்து ஆலங்காயம் வந்து சேர்வான். ஸ்டாண்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு பொன்மலர் காத்திருப்பாள். முதல் சில வாரங்கள் மலையேறும்போது கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் மகளோடு பேசிக்கொண்டே போகப் பழகிக்கொண்டான். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று அவள் ஒருதரமும் கேட்கவில்லை. நான் ஓட்டட்டுமா என்று அவனும் கேட்கவில்லை.